எண் இல்லாத பழைய கார் இன்ஜினை அடையாளம் காணும் முறை: அறிகுறி வாரியாக

பழைய இரும்புக் கடையிலோ, மாட்டுக் கொட்டகையின் மூலையிலோ, பல ஆண்டுகளாக நின்றுபோன காரின் பானட்டுக்கு அடியிலோ இருக்கும் ஓர் இன்ஜின் எந்த நிறுவனத்துடையது, எந்த மாதிரியைச் சேர்ந்தது என்று உறுதியாகத் தெரியாமல் அதற்கு ரிங், பேரிங், ஹெட் கேஸ்கெட் என எதையும் வாங்க இயலாது. உதிரிபாகச் சிக்கலோடு பதிவுச் சிக்கலும் இதில் சேர்ந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளைக் கொண்ட தனிப் பதிவு எண் வழங்கப்படுகிறது. ஆனால் அந்த வாகனத்தின் சேசிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. ஆகவே, காரில் இப்போது இருப்பது அதற்குரிய இன்ஜின்தானா, இடையில் யாரோ மாற்றிப் பொருத்தியதா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது உரிமையாளருக்கு அவசியமாகிறது.

இந்த வேலையில் பெரும்பாலோர் முதலில் தேடுவது இன்ஜின் எண்ணைத்தான். என் அனுபவத்தில் அதைக் கடைசிக்குச் சற்று முன்னால் வைப்பதே நல்லது. எண் தகடு ஒரு இன்ஜினிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். அடித்த எண்ணை அரத்தால் தேய்த்து வேறு எண் அடிக்கவும் முடியும். கார்புரேட்டர், டைனமோ, பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் போன்றவை இன்னும் எளிதாக மாறிவிடும். வால்வுகள் எங்கே அமைந்துள்ளன, சிலிண்டர்கள் எத்தனை, இன்டேக் (உள்ளிழுக்கும்) மற்றும் எக்ஸாஸ்ட் (வெளியேற்றும்) துவாரங்கள் எந்தப் பக்கம், எத்தனை என்பனவோ வார்ப்பிலேயே உறைந்துபோன செய்திகள். அவற்றை எந்தப் பட்டறையும் மாற்றுவதில்லை. எனவே முதலில் உருவம், அடுத்து ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) அளவு, பிறகு போர் (சிலிண்டரின் உள்விட்டம்) அளவு, அதன்பின் வார்ப்பு எழுத்துகள், அதற்குப் பிறகே அடித்த எண், எல்லாவற்றுக்கும் கடைசியில் மேலே பொருத்திய துணைக்கருவிகள் என்னும் வரிசையைக் கைவிடாமல் பின்பற்ற வேண்டும்.

நம் நாட்டில் கிடைக்கும் இன்ஜின்களைப் பொறுத்தவரை தேடல் பரப்பு அவ்வளவு பெரிதன்று. 1928 முதல் பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸும், ஏறத்தாழ அதே காலத்திலிருந்து ஃபோர்டும் இங்கே வண்டிகளைப் பூட்டி விற்றன. 1950-களின் நடுவில் இரண்டும் விலகின. அதன்பின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மாரிஸ் வழி வந்த கார்களையும், குர்லாவில் பிரீமியர் நிறுவனம் முதலில் கிரைஸ்லர் குடும்ப வண்டிகளையும் பிறகு ஃபியட்டையும், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரக் கார்களையும், மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பையும் தயாரித்தன. இவற்றுக்கு வெளியே, இரண்டாம் உலகப் போருக்கு முன் இறக்குமதியான பிரிட்டிஷ், அமெரிக்கக் கார்கள் உள்ளன. முதலில் இந்தக் குடும்பங்களுக்குள் தேடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

இன்ஜினை மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் கொண்டு கழுவுங்கள். கிரைண்டரையோ மணல் வீச்சையோ எண் இருக்கக்கூடிய தட்டையான பரப்புகளின் அருகே கொண்டுபோகாதீர்கள், ஏனெனில் ஆழமில்லாமல் அடித்த எண்கள் ஒரே வீச்சில் அழிந்துவிடும். துடைத்த பரப்பின்மீது சாக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் புடைத்த எழுத்துகளும் குழிந்த எழுத்துகளும் தெளிவாகத் தெரியும். இடம், வலம் என்று எந்தக் குறிப்பேட்டில் படித்தாலும், ஓட்டுநர் இருக்கையிலிருந்து முன்னோக்கிப் பார்க்கும் நிலையையே அது குறிக்கிறது. விசிறி இருப்பது முன்பக்கம், ஃப்ளைவீல் இருப்பது பின்பக்கம், முதல் சிலிண்டர் விசிறிப் பக்கம். வெர்னியர், உள்விட்டம் அளக்கும் காலிப்பர், இரும்பு அளவுகோல், காந்தம் ஆகியவை கையில் இருந்தால் போதும்.

அறிகுறி: மேலே வால்வு மூடி இல்லை, தட்டையான ஹெட் மட்டுமே உள்ளது

இது சைடு வால்வு இன்ஜின். வால்வுகள் பிளாக்கின் (சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பின்) உள்ளே, சிலிண்டருக்குப் பக்கத்தில் தலைமேலாக நிற்கின்றன. ஹெட் என்பது எரி அறையின் குழிவும் நீர்வழியும் மட்டுமே கொண்ட மூடி. பிளாக்கின் பக்கத்தில், மேனிஃபோல்டுக்கு (துவாரங்களோடு இணையும் குழாய்த் தொகுதிக்கு) கீழே, டேப்பட்டுகளை (வால்வுகளைத் தள்ளும் பாகங்களை) மூடும் தகடு ஒன்றோ இரண்டோ இருக்கும்.

நான்கு சிலிண்டர் என்றால், டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஹெட்டின் நடுவில் நேராக நின்று, அதிலிருந்து ஒயருக்குப் பதிலாகப் பித்தளைப் பட்டைகள் பிளக்குகளுக்குச் சென்றால் அது 1927 இறுதி முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ, போர் 98.4 மி.மீ., ஸ்ட்ரோக் 108 மி.மீ., கொள்ளளவு 3.3 லிட்டர். டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாமல், கியர் அமைப்பும் இன்ஜினோடு ஒரே கூட்டுக்குள் இருந்தால் அது அதற்கு முந்தைய மாடல் டி. இவ்விரண்டிலும் எண், இடப்பக்கத்தில் நீர் நுழையும் வாய்க்கு மேலே உள்ள பரப்பில் அடிக்கப்பட்டிருக்கும். பற்றவைப்பு வரிசை 1-2-4-3. வரும் பக்கங்களில் சொல்லப்படும் ஜீப்பும் ஃபியட்டும் 1-3-4-2 வரிசையைக் கொண்டவை. இன்ஜின் சுழலும் நிலையில் இருந்தால், கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே இன்டேக் வால்வுகள் எந்த முறையில் திறக்கின்றன என்று பார்த்து வரிசையைக் கண்டுகொள்ளலாம்.

அலுமினியக் கிராங்க்கேஸின் மேல் தனியாக ஒரு சிறு இரும்பு சிலிண்டர் பிளாக்கைப் போல்ட்டால் இறுக்கியிருந்தால், அது ஆஸ்டின் செவன் ஆக இருக்க வாய்ப்பு மிகுதி, 56 மி.மீ. போர், 76 மி.மீ. ஸ்ட்ரோக், 747 சி.சி. இருக்கும். 57 மி.மீ. போரும் 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட 918 சி.சி. இன்ஜின் மாரிஸ் எய்ட்டிலும், 1948 முதல் 1953 வரையிலான தொடக்ககால மாரிஸ் மைனரிலும் இருந்தது. 73.5 மி.மீ. போரும் 87 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட 1476 சி.சி. இன்ஜின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு எம்.ஓ., ஹிந்துஸ்தான் 14, தொடக்ககால அம்பாசடர் ஆகியவற்றுக்கு உரியது. போர் 79.4 மி.மீ., ஸ்ட்ரோக் 111.1 மி.மீ. என்று போரைவிட ஸ்ட்ரோக் மிக நீண்டிருந்தால் அது 2.2 லிட்டர் வில்லிஸ் ஜீப் இன்ஜின். அதன் எண் முன்பக்கத்தில், நீர்ப் பம்பு பொருந்தும் புடைப்பின்மேல் இருக்கும். உலகப் போர்க்கால வில்லிஸ் இன்ஜினில் அந்த எண் ‘எம்.பி.’ என்றும், ஃபோர்டு தயாரித்ததில் ‘ஜி.பி.டபிள்யூ.’ என்றும் தொடங்கும்.

ஆறு சிலிண்டர் சைடு வால்வு இன்ஜின் கிடைத்தால் பிளிமத், டாட்ஜ், டிசோட்டோ, கிரைஸ்லர் ஆகிய நான்கு பெயர்களில் ஒன்றை முதலில் எண்ணிப் பார்க்கலாம். குர்லாவிலிருந்து இவை நிறைய வந்தன. ஃபார்கோ, டாட்ஜ் லாரிகளிலும் இதே குடும்பம்தான். ஹெட்டின் நீளத்தை அளங்கள். ஏறத்தாழ 23 அங்குலம் என்றால் அமெரிக்க பிளிமத், டாட்ஜ் வகை. ஏறத்தாழ 25 அங்குலம் என்றால் கிரைஸ்லர், டிசோட்டோ அல்லது கனடாவில் செய்த வகை. இந்த ஒரு அளவு தவறினால் வாங்கும் கேஸ்கெட் கண்டிப்பாகப் பொருந்தாது. 218 கன அங்குலம் என்னும் ஒரே பெயரில் இரண்டு இன்ஜின்கள் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்க வகைக்குப் போர் 82.6 மி.மீ., ஸ்ட்ரோக் 111.1 மி.மீ.; கனடா வகைக்குப் போர் 85.7 மி.மீ., ஸ்ட்ரோக் 103.2 மி.மீ. அமெரிக்க 230 கன அங்குல இன்ஜினுக்கும் போர் 82.6 மி.மீ.தான், ஆனால் ஸ்ட்ரோக் 117.5 மி.மீ. இங்கே போரை மட்டும் அளந்து முடிவு செய்பவர் கட்டாயம் ஏமாறுவார்.

சைடு வால்வு இன்ஜினில் பிளக் துளை பொதுவாக வால்வுகளின் பக்கம் சாய்ந்திருப்பதால் அதன் வழியே கம்பியை விட்டுப் பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தை அளப்பது கடினம். கிரைஸ்லர் குடும்பத்தார் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஆறாவது சிலிண்டருக்கு நேர் மேலே ஹெட்டில் ஒரு சிறு திருகு அடைப்பு உண்டு. அதைக் கழற்றி நேரான கம்பியை இறக்கி, இன்ஜினைச் சுற்றி, மிக உயர்ந்த நிலைக்கும் மிகத் தாழ்ந்த நிலைக்கும் கம்பியில் குறியிட்டால் ஹெட்டைக் கழற்றாமலே ஸ்ட்ரோக் கிடைத்துவிடும். எண்ணைத் தேடுவோர் இடப்பக்கம், ஹெட்டுக்குச் சற்றுக் கீழே, டைனமோவுக்கு மேலே உள்ள தட்டைப் பரப்பைப் பார்க்க வேண்டும்.

‘வி’ வடிவில் எட்டு சிலிண்டர்கள், மேலே தட்டையான இரண்டு ஹெட்டுகள் என்றால் 1932-இல் வந்த ஃபோர்டு வி-8 குடும்பம். ஒரு ஹெட்டை இறுக்கும் ஸ்டட்களை எண்ணுங்கள். 17 என்றால் 1937 முதல் 1940 வரை வந்த 2.2 லிட்டர் சிறிய வகை. 21 என்றால் 1932 முதல் 1938 வரையிலான 3.6 லிட்டர், 24 என்றால் அதற்குப் பிந்தையது. 21 ஸ்டட் வகையிலேயே நீர்ப் பம்புகள் ஹெட்டுகளின் முன்முனையில் இருந்தால் 1936 வரை, பிளாக்கில் இருந்தால் 1937 முதல். டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் முகப்பில் கேம்ஷாஃப்ட் முனையிலேயே படுத்திருந்தால் 1948 வரையிலான கார் இன்ஜின். முன்பக்க ஓரத்தில் நிமிர்ந்து நின்றால் அதற்குப் பிந்தைய வடிவம். இந்த இன்ஜினின் பிளாக்கில் வரிசை எண்ணைத் தேடி வீணாக உழைக்க வேண்டாம். 1948 வரையிலான வண்டிகளில் அந்த எண் கிளட்ச் கூட்டின் மேல்தான் அடிக்கப்பட்டது. கியர்பாக்ஸ் பிரிந்துபோன இன்ஜினில் அது இல்லாதது குறையும் அன்று, ஏமாற்றும் அன்று.

அறிகுறி: வால்வு மூடி உண்டு, ஆனால் எக்ஸாஸ்ட் மட்டும் பிளாக்கிலிருந்து வெளிவருகிறது

இன்டேக் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் அமைந்த கலப்பு வகை இது. நான்கு சிலிண்டர் என்றால் மஹிந்திரா ஜீப்பில் வந்த ஹரிக்கேன் இன்ஜினாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இது பழைய சைடு வால்வு ஜீப் இன்ஜினின் போரையும் ஸ்ட்ரோக்கையும் அப்படியே கொண்டிருப்பதால் அளவு கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது, வடிவம் கொண்டுதான் பிரிக்க முடியும். இதே அமைப்பை ரோவர் நிறுவனமும் பின்பற்றியது. 1948-இல் வந்த முதல் லேண்ட் ரோவரின் 1.6 லிட்டர் இன்ஜினுக்குப் போர் 69.5 மி.மீ., ஸ்ட்ரோக் 105 மி.மீ. ஆகும்.

அறிகுறி: வால்வுகள் எல்லாம் ஹெட்டில் உள்ளன, அளவு இரண்டு இன்ஜின்களுக்குப் பொருந்துகிறது

தமிழ்நாட்டில் மிகுதியாகக் குழப்பம் தருவது இதுதான். 58 மி.மீ. போர், 76 மி.மீ. ஸ்ட்ரோக், 803 சி.சி. என்று அளந்தவர், மாரிஸ் மைனரின் ஏ-சீரிஸ் இன்ஜின் என்று முடிவு செய்யலாம்; ஸ்டாண்டர்டு எய்ட் காரின் இன்ஜின் என்றும் முடிவு செய்யலாம். இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் படைப்புகள், இரண்டுக்கும் அளவு ஏறத்தாழ ஒன்றே. 948 சி.சி.யிலும் இதே நிலை: ஏ-சீரிஸுக்குப் போர் 62.9 மி.மீ., ஸ்டாண்டர்டு டென், ஹெரால்டு ஆகியவற்றுக்கு 63 மி.மீ., தேய்ந்த சிலிண்டரில் இந்த வேறுபாடு கண்ணுக்கும் கருவிக்கும் அகப்படாது. இரண்டிலும் கிராங்குக்கு மூன்று மெயின் பேரிங்குகள்தான்.

இங்கே பிளாக்கின் பக்கவாட்டைப் பாருங்கள். மைனரின் ஏ-சீரிஸ் பிளாக்கில், மேனிஃபோல்டுகள் இருக்கும் இடப்பக்கத்தில், அவற்றுக்குக் கீழே டேப்பட்டுகளை மூடும் இரண்டு சிறு தகட்டு மூடிகள் உண்டு. ஸ்டாண்டர்டு இன்ஜினின் பிளாக்கில் அத்தகைய பக்க மூடிகள் கிடையாது. ஹெட்டைக் கழற்றினால் டேப்பட்டுகளை மேலிருந்தே எடுத்துவிடலாம். மேலும், ஏ-சீரிஸ் ஹெட்டில் மேனிஃபோல்டு பொருந்தும் முகத்தில் இரண்டு இன்டேக் துவாரங்களும் மூன்று எக்ஸாஸ்ட் துவாரங்களுமாக மொத்தம் ஐந்து வாய்கள் இருக்கும்; பிளக்குகளும் டிஸ்ட்ரிபியூட்டரும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும்.

அம்பாசடரின் பி-சீரிஸ் இன்ஜினும் இதே ஐந்து வாய் அமைப்பும் இரண்டு பக்க மூடிகளும் கொண்டது, ஆனால் உருவில் பெரியது, ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. இந்தக் குடும்பத்துக்குள் ஸ்ட்ரோக் நமக்கு உதவாது, ஏனெனில் 1200, 1489, 1622, 1798 சி.சி. ஆகிய எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. போர் 65.5 என்றால் 1200, 73 என்றால் அம்பாசடரின் 1489, 76.2 என்றால் 1622, 80.3 என்றால் 1798 என்று கொள்ள வேண்டும். அம்பாசடரின் பழைய சைடு வால்வு இன்ஜினுக்கும் இதற்கும் போரில் அரை மி.மீ. வேறுபாடுதான், ஆனால் வால்வு மூடியைப் பார்த்தவுடன் அந்த ஐயம் தீர்ந்துவிடும்.

ஃபியட் 1100, பிரீமியர் பத்மினி ஆகியவற்றின் இன்ஜினுக்குக் காந்தமே போதும். ஹெட் அலுமினியமாக இருப்பதால் காந்தம் அதில் ஒட்டாது, பிளாக்கில் ஒட்டும். போர் 68 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ., 1089 சி.சி. இந்த அளவு 1937-இல் இத்தாலியில் வந்த ஃபியட் 508 சி முதல் பத்மினியின் இறுதிக்காலம் வரை மாறாமல் தொடர்ந்ததால், அளவைக் கொண்டு ஆண்டைக் கணிக்க முற்படுவது வீண்.

ஆறு சிலிண்டர் ஓவர்ஹெட் வால்வு இன்ஜின் என்றால் செவர்லே, பெட்ஃபோர்டு ஆகிய இரண்டையும் பிரித்தறிய வேண்டியிருக்கும். ஸ்ட்ரோக் 95.25 மி.மீ. என்றால் 1937 முதல் 1953 வரை வந்த 216 கன அங்குலச் செவர்லே. ஏறத்தாழ 100 மி.மீ. என்றால் 235 கன அங்குலச் செவர்லே. 101.6 மி.மீ. என்றால் பெட்ஃபோர்டு லாரியின் 3.5 லிட்டர் இன்ஜின். பின்னிரண்டின் ஸ்ட்ரோக்கும் நெருங்கி இருப்பதால் போரையும் பாருங்கள்: செவர்லேவுக்கு 90.5 மி.மீ., பெட்ஃபோர்டுக்கு 85.7 மி.மீ.

அறிகுறி: அளந்த போர் எந்தப் பட்டியலிலும் இல்லை

இது பெரும்பாலும் ரீபோர் செய்த, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கிய இன்ஜின். பட்டறைகளில் 20, 40, 60 ஓவர்சைஸ் என்று சொல்வது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் அத்தனை பங்கு. 40 ஓவர்சைஸ் என்றால் விட்டம் ஏறத்தாழ 1 மி.மீ. கூடியிருக்கிறது. பிஸ்டன் தலையைச் சுரண்டாமல் துடைத்தால் இந்த எண்ணே அதில் அடித்திருப்பதைக் காணலாம். 948 சி.சி. ஏ-சீரிஸ் இன்ஜினை 40 ஓவர்சைஸ் செய்தால் போர் 63.9 மி.மீ. ஆகி, 1098 சி.சி. இன்ஜினின் 64.6 மி.மீ.ஐ நெருங்கிவிடும். ஆனால் முன்னதன் ஸ்ட்ரோக் 76.2 மி.மீ., பின்னதன் ஸ்ட்ரோக் 83.7 மி.மீ. ரீபோர் செய்வது ஸ்ட்ரோக்கைத் தொடுவதே இல்லை என்பதால்தான் நான் அதற்கு இவ்வளவு முதன்மை தருகிறேன். போரை அளக்கும்போது ரிங் உராயாத பகுதியில், அதாவது மேல்விளிம்பின் ஓரத்திலோ சிலிண்டரின் அடியிலோ அளக்க வேண்டும். நடுவில் அளந்தால் தேய்மானத்தையும் சேர்த்தே அளந்தவராவீர்கள்.

சிலிண்டர் பிளாக்கோடு சேர்ந்த வார்ப்பாக இல்லாமல், நீர் நேரடியாகத் தொடும் தனி லைனராக இருந்தால் போருக்கு இன்னும் மதிப்புக் குறைவு, ஏனெனில் லைனரையே மாற்றிவிட முடியும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஸ்டாண்டர்டு வேன்கார்டு இன்ஜின். ஸ்ட்ரோக் எப்போதும் 92 மி.மீ.; போர் 80 என்றால் 1850 சி.சி., 83 என்றால் 1991 சி.சி., 85 என்றால் 2088 சி.சி. 1985-இல் வண்டலூரிலிருந்து வந்த ஸ்டாண்டர்டு 2000 காரில் இருந்தது இவற்றுள் நடுவில் உள்ளது. இதே இன்ஜின் குடும்பம் ஃபெர்குசன் டிராக்டரிலும் இருந்தது என்பதால், காருக்கென்று வாங்கியது டிராக்டர் இன்ஜினாகிவிடும் ஆபத்து உண்மையானது. டிராக்டரில் இன்ஜினே உடலின் ஒரு பகுதியாகப் பாரத்தைத் தாங்குவதால் அதன் சம்ப் (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) கனமான வார்ப்பாக இருக்கும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் பொருத்தப்பட்டிருக்கும். கார் இன்ஜினின் சம்ப் அழுத்தித் திரட்டிய தகடுதான்.

அறிகுறி: போர் மிகச் சிறிது, ஸ்ட்ரோக் மிக நீளம், காரின் பெயரில் ஓர் எண் உள்ளது

இது உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் வரிக் கணக்கின் விளைவு. அந்நாட்டில் வாகன வரி, குதிரைத்திறனைச் சிலிண்டர் விட்டத்தைக் கொண்டு மட்டும் கணக்கிட்டு விதிக்கப்பட்டது. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுக்க வேண்டும். ஸ்ட்ரோக் கணக்கில் வராததால் தயாரிப்பாளர்கள் விட்டத்தைச் சுருக்கி ஸ்ட்ரோக்கை நீட்டினார்கள். எய்ட், டென், ஃபோர்ட்டீன் என்ற பெயர்கள் இந்தக் கணக்கிலிருந்து வந்தவை என்பதால் அதே வழியில் பின்னோக்கிச் சென்று சரிபார்க்கலாம். உங்கள் இன்ஜினின் போர் 63.5 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம் என்றால், 6.25-ஐ 4-ஆல் பெருக்கி 2.5-ஆல் வகுக்கச் சரியாக 10 வருகிறது. 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் ஓவர்ஹெட் வால்வும் சேர்ந்தால் அது மாரிஸ் டென் காரின் 1140 சி.சி. இன்ஜின், அந்தக் கார்தான் இங்கே ஹிந்துஸ்தான் 10 ஆயிற்று.

அறிகுறி: ஸ்பேனர் பொருந்துகிறது, ஆனால் புது போல்ட்டின் மரை ஏறவில்லை

பழைய போல்ட்டின் தலை விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு) ஸ்பேனருக்குப் பொருந்தி, மரை மட்டும் மெட்ரிக் அளவில் இருந்தால், அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை: அது பழைய மாரிஸ் குடும்ப இன்ஜின். மாரிஸ் நிறுவனம் 1923-இல் வாங்கிய கோவென்ட்ரி ஹாட்ச்கிஸ் ஆலையின் இயந்திரங்கள் பிரெஞ்சு மெட்ரிக் மரை வெட்டுபவை. போல்ட் தலைகளை மட்டும் பிரிட்டிஷ் ஸ்பேனருக்கு ஏற்ப அமைத்தார்கள். மேற்சொன்ன 1140 சி.சி. இன்ஜினிலும் அதன் வழிவந்த எம்.ஜி. இன்ஜின்களிலும் இதுவே வழக்கம். கைக்குக் கிடைத்த போல்ட்டைத் திணித்து இறுக்கினால் பிளாக்கின் மரையே சிதைந்துவிடும். மரை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும்.

அறிகுறி: இன்ஜின் சிக்கிக்கொண்டு சுற்ற மறுக்கிறது

பிளக் துளைகள் வழியே ஊடுருவும் எண்ணெயை ஊற்றிப் பல நாள் ஊறவிடுங்கள். கிராங்க் நட்டில் நீண்ட குழாயைப் பூட்டி வலிந்து திருப்ப வேண்டாம். ரிங் உடையும், சில வேளை பிஸ்டனே உடையும். அடையாளம் காண்பதற்கு இன்ஜின் சுற்ற வேண்டியதும் இல்லை. ஹெட் கழன்றிருந்தால், நான்கு சிலிண்டர் இன்ஜினில் 1, 4 ஆகியவை ஒரே மட்டத்திலும் 2, 3 ஆகியவை வேறொரு மட்டத்திலும் நிற்கும். பிளாக்கின் மேல்முகத்திலிருந்து இரண்டு மட்டங்களின் ஆழத்தையும் அளங்கள். பிஸ்டன் தலை மேல்முகத்துக்கு மேலே எழாத இன்ஜினில், ஸ்ட்ரோக் என்பது அந்த இரண்டு ஆழங்களின் வித்தியாசத்தைவிடக் குறையாது, அவற்றின் கூட்டுத்தொகையைவிட மிகாது. மேல் பிஸ்டன் 8 மி.மீ. ஆழத்திலும் கீழ் பிஸ்டன் 74 மி.மீ. ஆழத்திலும் நின்றால் ஸ்ட்ரோக் 66-க்கும் 82-க்கும் இடையில் இருக்கிறது, 76.2 பொருந்தும், 83.7 பொருந்தாது. ஐயத்துக்கு உரிய இன்ஜின்கள் இரண்டே என்றால் பெரும்பாலும் இதுவே முடிவைச் சொல்லிவிடும்.

அறிகுறி: பிளக் இருக்க வேண்டிய இடத்தில் குழாய் பொருத்திய வேறு பாகம் உள்ளது

அது டீசல் இன்ஜெக்டர். பக்கத்தில் அதற்கான பம்பும் இருக்கும். பெட்ரோல் காருக்கும் லாரிக்கும் டீசல் இன்ஜின் மாற்றுவது இங்கே நெடுங்கால வழக்கம் என்பதால் வண்டியின் பெயரை நம்ப வேண்டாம். பெர்க்கின்ஸ் பி-4, பி-6 ஆகியவற்றின் போர் 88.9 மி.மீ., ஸ்ட்ரோக் 127 மி.மீ.; சிலிண்டர் எண்ணிக்கைதான் வேறு. ஸ்ட்ரோக் 88.9, போர் 73 என்றால் அது அம்பாசடருக்கே உரிய பி-சீரிஸ் டீசல்.

அறிகுறி: எண்கள் பல உள்ளன, எது இன்ஜின் எண் என்று தெரியவில்லை

புடைத்து நிற்பவை வார்ப்பு அச்சிலிருந்து வந்தவை. அந்த எண் ஆயிரக்கணக்கான பிளாக்குகளுக்கு ஒன்றே. மாதிரியைச் சொல்லுமே தவிர உங்கள் இன்ஜினைத் தனியாகச் சொல்லாது. ஹெட்டிலும் பிளாக்கிலும் வெவ்வேறு வார்ப்பு எண்கள் இருப்பது இயல்பு, ஆனால் ஹெட்டை நம்பிப் பிளாக்கைத் தீர்மானிக்கக் கூடாது. செவர்லே வார்ப்புகளில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் தனியே நின்றால் அது தேதி: எழுத்து மாதம், ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர், அடுத்தது நாள், கடைசி இலக்கம் ஆண்டின் இறுதி இலக்கம். ‘சி 14 6’ என்பது மார்ச் 14. ஆண்டு 1936-ஆ, 1946-ஆ, 1956-ஆ என்பதை இன்ஜினின் உருவம்தான் முடிவு செய்ய வேண்டும். 216 கன அங்குலம் என்றால் அவற்றில் 1946 மட்டுமே நிற்கும்.

குழிந்து அடித்தவையும், ஆணியடித்த தகட்டில் உள்ளவையும் இன்ஜின் எண்கள். மைனரின் ஏ-சீரிஸில் தகடு வலப்பக்கத்தில், டைனமோ தாங்கிக்கு மேலே இருக்கும். 1950-களின் பிற்பகுதியிலிருந்து அந்த எண்ணைப் படிப்பதும் எளிது. ‘9 எம்-யூ-எச்’ என்று தொடங்கினால், 9 என்பது 948 சி.சி.யையும், எம் என்பது மாரிஸையும், யூ என்பது தரையில் நிற்கும் கியர் கம்பியையும், எச் என்பது உயர் அழுத்த விகிதத்தையும் குறிக்கும். முதல் எண் 15 என்றால் 1489, 18 என்றால் 1798. ஏ என்றால் ஆஸ்டின், ஜி என்றால் எம்.ஜி. தகட்டின் ஆணிகள் புதிதாகவோ, ஒன்றுக்கொன்று வேறாகவோ இருந்தால் அந்தத் தகட்டை ஒதுக்கிவைத்துவிட்டு அளவுகளுக்குத் திரும்புங்கள். அடித்த பரப்பு சுற்றியுள்ள பரப்பைவிடத் தாழ்ந்து, அரத்தின் கோடுகள் தெரிந்தாலும் அப்படியே. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடும்போது முன்னெழுத்துகளை எழுதாமல் விட்டிருப்பதும், 1-ஐயும் 7-ஐயும் மாற்றி எழுதியிருப்பதும் பழைய புத்தகங்களில் சாதாரணம். ஆகவே சிறு வேறுபாட்டைக் கண்டு உடனே மாற்று இன்ஜின் என்று தீர்மானிக்க வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு பெயர்கள் எஞ்சினால், ஹெட் முகத்தின்மேல் கெட்டித் தாளை விரித்து, விளிம்புகளையும் நீர்த் துளைகளையும் ஸ்டட் துளைகளையும் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். அந்தத் தாளைப் புதுப்பேட்டைக்கோ, பழைய கேஸ்கெட் இருப்பு வைத்திருக்கும் வேறு கடைக்கோ கொண்டுபோய், சந்தேகிக்கும் இரண்டு மாதிரிகளின் கேஸ்கெட்டுகளையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். எல்லாத் துளைகளும் ஒன்றின்மேல் ஒன்று விழும் கேஸ்கெட் எதுவோ அந்தப் பெயரில் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் பணம் கட்டலாம். ஒரு நீர்த் துளை மட்டும் விலகியிருந்தாலும் கட்ட வேண்டாம்.